சின்சாலோக் புட்டிக்குள் இருப்பது கிரில்லா, இறாலா?

மலாக்காவின் சின்சாலோக் புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? இளஞ்சிவப்புக் குழம்புக்குள் கறுப்புப் புள்ளிகள் தெரியும். எல்லாம் கண்கள்! மலாயில் கெராகாவ் என்று சொல்லும் பொடி இறால்தான் அது. பிளாச்சானுக்கும் அதுதான் மூலப்பொருள். தமிழ்நாட்டுக் கடற்கரையில் இதன் உறவினர்களைச் சென்னாக்கூனி என்பார்கள்.

ஆனால் இணையத்தில் பல சமையல் குறிப்புகள் இதைக் கிரில் என்று எழுதிவிடுகின்றன. பார்த்தால் அப்படித்தான் தோன்றும். சிறிய உடல், கண்ணாடி மாதிரி நிறம், கூட்டம் கூட்டமாக நீச்சல். அளவையும் நிறத்தையும் நம்பினால் ஏமாந்துவிடுவோம். உடலமைப்பைத்தான் பார்க்கவேண்டும்.

முதலில் செவுள். இறாலுக்கு அது முதுகு ஓட்டின் பக்கவாட்டு மடிப்புக்குள் மறைந்திருக்கும். கிரில்லுக்கு ஓடு அவ்வளவு கீழே இறங்காது. கால்களின் அடியில் செவுள் இறகு போல வெளியே தெரியும். கிட்டத்தட்ட எல்லாக் கிரில் வகைகளிலும் ஒளி வீசும் உறுப்புகளும் உண்டு.

அடுத்தது கால்கள். இங்கேதான் சுவாரசியம். இறால், நண்டு எல்லாம் பத்துக்காலி வரிசையைச் சேர்ந்தவை. மார்பில் உள்ள எட்டு ஜோடி உறுப்புகளில் முதல் மூன்று வாய்க்கு உதவப் போய்விடும். மிச்சம் ஐந்து ஜோடி, அதாவது பத்துக் கால். கிரில்லில் அப்படி எந்த ஜோடியும் வாய்க்கு என்று தனியாக மாறுவதில்லை.

சரி, கெராகாவ்? 1830இல் பெயர் சூட்டப்பட்ட அசெட்டிஸ் என்ற பேரினம் அது. அதன் கால்களை எண்ணினால் ஆறுதான் வரும்! கடைசி இரண்டு ஜோடி இல்லவே இல்லை. ஆனாலும் அது பத்துக்காலி வரிசைதான். வாய்க்கு உதவும் மூன்று ஜோடி, மறைந்த செவுள் என்று மற்ற அமைப்பெல்லாம் அதை இறால் பக்கம் நிறுத்துகின்றன.

வலையில் மூன்றாவது ஆளும் சிக்கலாம். அது மைசிட். வால் விசிறியின் உள் மடல்களில் பக்கத்துக்கு ஒன்றாகச் சின்ன மணி போல் ஏதாவது தெரிகிறதா? உடலின் சமநிலையை உணரும் உறுப்பு அது. கெராகாவின் வாலில் அது கிடையாது. பெண் மைசிட், கங்காரு போலக் குஞ்சுகளை வயிற்றுப்புறப் பையில் சுமக்கும்; கெராகாவ் முட்டைகளைக் கடலில் விட்டுவிட்டுப் போய்விடும்.

விஞ்ஞானிகளே ஒரு காலத்தில் மைசிட்டையும் கிரில்லையும் ஒரே வரிசையில்தான் வைத்திருந்தார்கள். 1883இல் போவாஸ் என்ற டென்மார்க் விலங்கியல் அறிஞர் இரண்டையும் பிரித்தார்.

அரைத்துக் காயவைத்த பிளாச்சானில் காலையும் வாலையும் எங்கே தேடுவது? அதற்கு மரபணுச் சோதனைதான் வழி.

இறால் ஒவ்வாமை இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். “இது இறால் இல்லை, கிரில்தான்” என்று யாராவது சொன்னால் நம்பிச் சாப்பிட்டுவிடாதீர்கள். மூன்றுமே ஓட்டுடலிகள். ஒவ்வாமையைத் தூண்டும் டிரோபோமயோசின் புரதம் மூன்றிலும் உண்டு.