தீவின் குப்பை போகும் இடம்

இரவு வாசலில் கட்டி வைத்த குப்பைப் பை மறுநாள் அங்கே இருப்பதில்லை. அது எங்கே போனது என்று கேட்பவர்கள் சிலரே. பினாங்கில் இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு.

ஜார்ஜ்டவுனுக்கு நகராண்மை ஆணையம் 1857-இல் அமைந்தது. பழைய கடைவீடுகளின் பின்னால் இன்றும் காணும் சந்துகள் வழியாக ஒரு காலத்தில் மலவாளிகள் எடுத்துச் செல்லப்பட்டன. வீதி கூட்டவும் சாக்கடை அள்ளவும் தமிழரும் தெலுங்கரும் பெருமளவில் உழைத்தனர். அந்த நகரம் நோயின்றி வாழ அவர்கள் கைகள் அழுக்காயின.

மக்கள் பெருகினர், குப்பையும் பெருகியது. தீவில் இடம் குறைவு. ஜெலுத்தோங் கடலோரத்தில் கொட்டிய குப்பை மலையானது. 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வீட்டுக் குப்பை பத்து மாவுங்கில் சேர்க்கப்பட்டு, படகில் கடலைக் கடந்து, பெருநிலத்தின் பூலாவ் பூரோங் குப்பை நிலத்திற்குப் போகத் தொடங்கியது. தீவு மூச்சு விட்டது. ஆனால் சுமை இறங்கவில்லை, இடம்தான் மாறியது.

காற்றுப் புகாமல் புதையும் உணவுக் கழிவு அழுகி மீத்தேன் வாயுவாகிறது. தீப்பற்றினால் அடியாழத்தில் கனன்றுகொண்டே இருக்கும், அணைப்பது எளிதல்ல. 2020 ஆகஸ்டில் ஜெலுத்தோங் எரிந்தது. 2022 ஜனவரியில் பூலாவ் பூரோங் வாரக்கணக்கில் புகைந்தது. அருகிலுள்ள பைராம் தோட்ட மக்கள் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. தீவில் உண்டு எறிந்ததற்கும் சேர்த்துத் தோட்டத்துக் குழந்தைகள் புகையைச் சுவாசிக்க வேண்டியிருந்தது. இது நியாயமா?

மாநிலம் சும்மா இருந்துவிடவில்லை. 2009-இல் வாரம் முழுவதற்கும் அல்லாமல் தொடங்கிய இலவச நெகிழிப் பைத் தடை, 2011 ஜனவரி முதல் எல்லா நாள்களுக்கும் விரிந்தது. அப்போது பை வேண்டுமென்றால் 20 சென் கொடுக்க வேண்டியிருந்தது. 2016 ஜூனில் வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கும் திட்டம் வந்தது.

சட்டம் வாசல் வரைதான் வரும். அடுப்படிக்குள் நுழைய வேண்டியது மனச்சாட்சி. மலேசிய வீடுகளின் குப்பையில் ஏறக்குறைய பாதி உணவுக் கழிவு. அளவாகச் சமைத்து, மிஞ்சும் தோலையும் காம்பையும் உரமாக்கினாலே பாரம் பெரிதும் குறையும். தன் வீட்டுக் குப்பையை அடுத்த வீட்டு வாசலில் தள்ளுபவரை நல்லவர் என்று யாரும் சொல்வதில்லை. அந்த அடுத்த வீடு கடலுக்கு அப்பால் இருந்தாலும் அந்த நீதி மாறாது.