ப்ரீதர் பைப்பும் பெரியப்பா பிக்கப்பும்

ஆபீஸ்ல ஆணி அதிகம் மக்களே, அதான் இந்தப் பக்கம் வர முடியல. பொங்கலுக்கு குன்னூர் போயிருந்தேன். பெரியப்பா ஒரு டீசல் பிக்கப் வெச்சிருக்கார். தோட்டத்துல இருந்து ஃபேக்டரிக்குக் கொழுந்து ஏத்துற வண்டி, அதுதான் வீட்டுக்குச் சோறு. காத்து இழுக்குற ஹோஸ் முழுக்க ஆயில். மெக்கானிக் அண்ணன் பார்த்துட்டு, "பேக் கம்ப்ரஷன் தம்பி. ப்ரீதர் பைப்பைக் கழட்டிக் கீழே தொங்க விட்டுடலாம், அஞ்சு நிமிஷ வேலை"ன்னார். பெரியப்பா என்னைப் பார்த்து, "நீதான் இன்ஜினியராச்சே, சொல்லுடா"ன்னார். படிச்சது மெக்கானிக்கல், புடுங்குறது சாஃப்ட்வேர் ஆணி :-) ஒரு நாள் டைம் கேட்டு, அந்த பைப்போட வரலாறைத் தோண்டினேன்.

பிஸ்டன் ரிங் எவ்வளவு இறுக்கமா இருந்தாலும் கொஞ்சம் வாயு கிராங்க்கேஸுக்குள்ள இறங்கும். கூடவே நீராவி, ஆயில் துளி. வெளியே போக வழி இல்லைன்னா அழுத்தம் ஏறி ஆயில் சீல் பிதுங்கிடும். அந்தக் காலத்து கார்கள்ல இதுக்காக ஒரு குழாயை ரோட்டைப் பார்த்துத் தொங்க விட்டாங்க. ஆமாங்க, மெக்கானிக் அண்ணன் சொன்ன அதே டெக்னிக்!

இரண்டாம் உலகப் போர்ல டேங்குகள் ஆத்துல இறங்கினப்போ, குழாய் வழியா தண்ணி ஏறக்கூடாதுன்னு, வாயுவை இன்ஜினே திரும்ப உறிஞ்சிக்கிற மாதிரி மாத்தினாங்க. போருக்கு அப்புறம் லாஸ் ஏஞ்சலஸ் புகைமூட்டம். தொங்குற குழாயும் அதுக்கு ஒரு காரணம்னு தெரிஞ்சதும், 1961 மாடல்ல இருந்து கலிஃபோர்னியா கார்கள்லயும், 1963 மாடல்ல இருந்து அமெரிக்கா முழுக்கவும் அந்த வால்வு வந்துச்சு.

டீசல் மட்டும் தப்பிச்சது. டீசல்ல த்ராட்டில் வெற்றிடம் கிடையாது, அதனால பெட்ரோல் வால்வு அங்கே எடுபடாது. சிலிண்டருக்குள்ள அமுங்குறதும் வெறும் காத்துதான்கிறதால வாயுல எரியாத எரிபொருள் கம்மி. அமெரிக்காவுல டர்போ போட்ட பெரிய டீசல் லாரிகளுக்கு 2007 வரைக்கும் சலுகை இருந்துச்சு.

இப்போ நம்ம மலைக்கு வருவோம். குளிர், சின்னச் சின்ன ட்ரிப். இன்ஜின் முழுசா சூடாகறதுக்குள்ள ஃபேக்டரி வந்துடும். நீராவி ஆயிலோட கலந்து வெண்ணெய் மாதிரி ஆகி பைப்பை அடைக்கும். லோடோட ஏத்தம் ஏறினா வாயு இன்னும் அதிகம். ஆயில் ரொம்ப உள்ளே போச்சுன்னா டீசல் இன்ஜின் அதையே குடிச்சு ஓடும், சாவியைத் திருப்பினாலும் நிக்காது. அதனால மெக்கானிக் அண்ணன் பயத்துல நியாயம் இருக்கு. ஆனா தொங்க விட்டா ஆயில் ஹேர்பின் வளைவுல சொட்டும், பின்னாடி வர்ற பைக்காரன் வழுக்குவான். ரிங் தேயறதும் கண்ணுக்குத் தெரியாமப் போயிடும்.

கடைசியில பைப்பைச் சுத்தம் பண்ணி, நடுவுல ஸ்டீல் வலை வெச்ச ஒரு டப்பா மாட்டி, மறுபடி ஹோஸ்லயே சேர்த்தோம். ஆயில் டப்பாவுல தங்கிடும், வாயு மட்டும் போகும். கம்ப்ரஷன் பார்த்ததுல ஒரு சிலிண்டர் வீக். டப்பா அதைச் சரி பண்ணாது, இன்ஜின் இறக்கித்தான் ஆகணும்.

பெரியப்பா இப்போ ஞாயித்துக்கிழமை தோறும் டப்பாவைக் காலி பண்ணி, அளவை நோட்டுல எழுதி எனக்கு ஃபோன்ல சொல்றார். முதல் வாரம் கால் டம்ளர். போன வாரம் அரை. "சீசனுக்கு முன்னாடியே இறக்கிடலாம்டா"ன்னார். தொங்குற பைப் இதைச் சொல்லியிருக்காது.

டிஸ்கி: மெக்கானிக் அண்ணனுக்கு என் மேல இன்னும் கோவம் :-)