வானில் பறந்தவரும் பள்ளிப் பந்தாட்டமும்

சூலூர் விமானப் படைத் தளத்து விமானங்கள் வானில் முழங்கும்போதெல்லாம் நம் சிறுவர்கள் தெருவுக்கு ஓடிவந்து அண்ணாந்து பார்ப்பதுண்டு. அவர்களுள் எத்தனை பேர் அப்படையின் முதல் இந்தியத் தளபதியை அறிவர்? ஏர் மார்ஷல் சுப்ரதோ முகர்ஜி என்பது அவர் பெயர்.

1911ஆம் ஆண்டு கல்கத்தாவில், ஐ.சி.எஸ். அதிகாரி ஒருவரின் மகனாகப் பிறந்தார். நம் பிள்ளைகளுக்கு வாய்க்காத பின்புலம் அது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் இந்தியருக்கு விமானம் ஓட்டும் தகுதி உண்டா என்று வெள்ளை அதிகாரிகள் ஐயுற்ற காலம் அது. தகுதியில்லை என்னும் சொல் நமக்கும் புதிதன்றே! இங்கிலாந்தின் கிரான்வெல் கல்லூரியில் பயின்று, 1932 அக்டோபர் 8 அன்று அதிகாரிகளான முதல் ஐந்து இந்திய விமானிகளுள் இவரும் ஒருவர். மறு ஆண்டு கராச்சியில் அமைந்த முதல் ஸ்குவாட்ரனிடம் இருந்தவை நான்கே வாபிட்டி விமானங்கள். 1939இல் அந்த ஸ்குவாட்ரனுக்கே தலைவரானார். 1943இல் கோஹாட் தளத்துக்குப் பொறுப்பேற்றார். 1954 ஏப்ரல் முதல் நாள் விமானப் படை முழுவதும் அவர் ஆணையின்கீழ் வந்தது.

இவ்வளவு உயர்ந்த பின்னும் அவர் சிந்தை பள்ளி மைதானத்தை நாடியதே எனக்கு வியப்பு. விளையாட்டு வீரனைப் பள்ளிப் பருவத்திலேயே கண்டெடுக்க வேண்டும் என்று கருதினார். அக்கருத்தின் பயனாக 1960இல் பள்ளிகளுக்கான அகில இந்தியக் கால்பந்துப் போட்டி தொடங்கியது. அவ்வாண்டு நவம்பர் 8 அன்று தோக்கியோவில் உண்ணும்போது உணவு மூச்சுக்குழலில் அடைத்து, 49 வயதில் மறைந்தார். சுப்ரதோ கோப்பை என்று அவர் பெயரையே அப்போட்டி இன்றும் தாங்கியுள்ளது. பின்னாளில் மாணவியருக்கும் தனிப் பிரிவு ஏற்பட்டது.

மாநிலங்களில் வென்ற பள்ளி அணிகள் தலைநகர் டில்லிக்குச் செல்கின்றன. அங்கே இறுதி ஆட்டங்கள் பல நடந்த அரங்கின் பெயர் டாக்டர் அம்பேத்கர் அரங்கம்!

என் மாணவர் அணியை வட்டப் போட்டிக்கு அழைத்துச் சென்ற ஆண்டில் பதினொருவருள் நால்வருக்குக் காலணி இல்லை. இருவர் பனியன் கம்பெனியில் இரவு வேலை முடித்து வந்திருந்தனர். முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். திரும்பும் பேருந்தில் ஒருவன், "டில்லிக்குப் போக இன்னும் எத்தனை ஆட்டம் ஜெயிக்கணும் சார்?" என்று கேட்டான். விரல் விட்டு எண்ணிச் சொன்னேன்.