கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை: வகுப்பறையும் குழந்தைப் பாட்டும்

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை (ஜூலை 27, 1876 – செப்டம்பர் 26, 1954) கவிஞர், தமிழாசிரியர், கல்வெட்டு ஆய்வாளர், மொழிபெயர்ப்பாளர். நவீனத் தமிழில் குழந்தைகளுக்கென்றே பாடல் எழுதிய முன்னோடிகளில் ஒருவர். முப்பத்தாறு ஆண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றினார். அவருடைய குழந்தைப் பாடல்கள் பள்ளிப் பாடநூல்கள் வழியாகப் பல தலைமுறைகளுக்கு மனப்பாடமாகியுள்ளன. அவற்றை எழுதியவர் சோழர் கல்வெட்டின் ஒரு தொடருக்குப் பொருள் காண நூலே எழுதிய ஆய்வாளர் என்பது பாடநூலில் மட்டும் அவரைப் படித்தவர்களுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை.

பிறப்பும் கல்வியும்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள தேரூரில் சிவதாணுப் பிள்ளை, ஆதிலட்சுமி இணையருக்குப் பிறந்தார். அன்று அந்நிலப்பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. வீட்டிலும் வயலிலும் கோயிலிலும் தமிழ் பேசிய நாஞ்சில் நாட்டில் பள்ளிக்கூடத்தின் மொழி மலையாளம். தேரூர் தொடக்கப் பள்ளியில் தேசிக விநாயகம் முறையாகக் கற்ற முதல் மொழியும் மலையாளமே. ஒன்பது வயதில் தந்தையை இழந்தார்.

தமிழ் அவருக்குப் பள்ளிக்கு வெளியே கிடைத்தது. தேரூரை அடுத்து திருவாவடுதுறை ஆதீனத்தின் கிளை மடம் ஒன்று இருந்தது. அங்கிருந்த சாந்தலிங்கத் தம்பிரானிடம் இலக்கியமும் இலக்கணமும் பாடம் கேட்டார். செய்யுள் இயற்றும் பழக்கமும் அவரிடமே தொடங்கியது. மடத்துக் கல்வி என்பது அந்தாதி, கோவை, தலபுராணம் என்று செல்லும் கடினமான பாதை. அதில் பயின்ற ஒருவர் பின்னாளில் மூன்று வயதுக் குழந்தைக்கும் புரியும் சொற்களில் எழுதினார் என்பது கவனிக்கத்தக்கது. யாப்பு முழுமையாகக் கைவந்ததனால்தான் எளிமை அவருக்கு இயன்றது என்று சொல்லலாம். அவருடைய குழந்தைப் பாடல்களில் ஓசை தடுக்கும் இடம் அரிது.

கோட்டாற்றில் ஆங்கிலக் கல்வியும் திருவனந்தபுரத்தில் ஆசிரியப் பயிற்சியும் பெற்றார். 1901-இல் புத்தேரியைச் சேர்ந்த உமையம்மையை மணந்தார். இவர்களுக்குக் குழந்தைகள் இல்லை.

ஆசிரியப் பணி

கோட்டாறு, நாகர்கோவில், திருவனந்தபுரம் ஆகிய ஊர்களில் பணியாற்றினார். சிறுவர்களுக்குப் பாடம் நடத்தினார், ஆசிரியப் பயிற்சி பெறுவோருக்குக் கற்பித்தார், இறுதியில் திருவனந்தபுரம் மகளிர் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். 1931-இல் ஓய்வு பெற்று மனைவியின் ஊரான புத்தேரியில் குடியேறினார்.

பெண்கள் உயர்கல்வி பெறுவது அரிதாக இருந்த காலத்தில் மகளிர் கல்லூரி வகுப்பறையில் நின்றவர் அவர். பெண்ணுரிமை பற்றிய அவருடைய பாடல்களை அந்தப் பின்னணியோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

குழந்தைப் பாடல்கள்

அதுவரை தமிழ்க் குழந்தை முதலில் படித்தவை ஆத்திசூடி, கொன்றை வேந்தன், உலகநீதி போன்ற நீதி நூல்கள். இவை குழந்தையிடம் 'செய்', 'செய்யாதே' என்று பேசுபவை. குழந்தை தன் கண்ணால் காணும் உலகைத் தன் குரலில் பாடுவதற்கான பாட்டு ஏட்டில் இல்லை. தாலாட்டிலும் விளையாட்டுப் பாடலிலும் வாய்மொழியாக மட்டுமே இருந்தது. ஆங்கிலப் பாடநூல்களில் இருந்த குழந்தைப் பாடல்களைக் கவிமணி அறிந்திருந்தார். சிலவற்றைத் தழுவி எழுதினார். ஆனால் சந்தத்தை நாட்டார் பாடலிலிருந்தும் சிந்து, கும்மி வடிவங்களிலிருந்தும் எடுத்துக்கொண்டார்.

பசுவும் கன்றும், காகம், கோழி, கிளி, நிலா ஆகியவையே அவருடைய பாடுபொருள்கள். பானைத் தண்ணீரைக் குடிக்கக் கல்லைப் போட்ட காகத்தின் கதையும் அவரிடம் பாட்டாகியது. பசுவும் கன்றும் பற்றிய பாடலில் அறிவுரை என்று எதுவும் இல்லை. பசு மேய்கிறது, கன்று துள்ளுகிறது, அம்மாவும் பிள்ளையும் ஒன்றையொன்று தேடுகின்றன. அவ்வளவுதான். நீதி சொல்லாமலும் குழந்தைக்கு எழுதலாம் என்ற துணிவு அன்றைய தமிழாசிரியர் ஒருவருக்கு எளிதில் வரக்கூடியதல்ல.

வீட்டைச் சேர்ந்த தோட்டத்துக்குச் சங்க இலக்கியம் தரும் பெயர்களில் ஒன்று 'படப்பை'. அதே பெயருடைய ஊர் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் போகும் வழியில் இருக்கிறது. மாடு மேயும் தோட்டத்தைவிடத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் பேருந்தையே அதிகம் பார்த்து வளரும் இன்றைய குழந்தைக்கு இப்பாடலின் உலகம் சற்றுத் தொலைவில்தான் உள்ளது. இருந்தும் அதன் ஓசையைக் குழந்தைகள் விடுவதில்லை.

கல்விப்புலத்தில் இருந்துகொண்டு குழந்தைகளுக்கு எழுதியவர்கள் பிற மொழிகளிலும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் கற்பித்த சார்லஸ் டாட்ஜ்சன், லூயிஸ் கரோல் என்னும் புனைபெயரில் ஆலிஸின் கதையை 1865-இல் வெளியிட்டார். டாட்ஜ்சன் தன் கணித நூல்களையும் கதைகளையும் இரு வேறு பெயர்களால் பிரித்து வைத்தார். கவிமணிக்கு அப்படிப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை.

இவருடைய கவிதைகள் 'மலரும் மாலையும்' என்ற தொகுப்பாக 1938-இல் வெளிவந்தன. குழந்தைப் பாடல்கள் 'குழந்தைச் செல்வம்' என்ற பெயரில் தனி நூலாயின.

மருமக்கள் வழி மான்மியம்

கவிமணியின் படைப்புகளில் சமூகத்தில் நேரடியாகச் சலனம் உண்டாக்கியது 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்'. நாஞ்சில் நாட்டு வேளாளரில் ஒரு பிரிவினரிடையே மருமக்கள்தாய முறை நிலவியது. ஒருவரின் சொத்து அவர் பெற்ற பிள்ளைகளுக்குச் செல்லாமல் சகோதரியின் பிள்ளைகளுக்குச் செல்லும். குடும்பத்தை நிர்வகித்த காரணவர் இறந்தால் அவர் மனைவியும் மக்களும் அந்த வீட்டில் உரிமையற்றவர்கள். அவர்களுக்குக் கிடைத்தது 'உகந்துடைமை' என்னும் சிறு பங்கு. அதற்கும் வழக்காட வேண்டியிருந்தது. வழக்குகளில் சொத்துகள் கரைந்தன.

கவிமணி இதைக் கட்டுரையாக எழுதவில்லை. 'மான்மியம்' என்பது கோயிலின் பெருமை சொல்லும் புராண வடிவம். அந்த வடிவத்தைக் கையிலெடுத்து, படலம் படலமாகப் பிரித்து, ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி தன் கதையைத் தானே சொல்வதாக அமைத்தார். நீதிமன்றம் ஏறிக் குடும்பம் அழிந்த கதையைச் சொல்லும் பகுதிக்குக் 'கோடேறிக் குடிமுடித்த படலம்' என்று பெயர். சிரித்துக்கொண்டே படிக்கத் தொடங்குபவர் பாதியில் சிரிப்பை நிறுத்திவிடுவார். நாஞ்சில் நாட்டுப் பேச்சும் பழமொழியும் இவ்வளவு செறிவாக அதற்கு முன் செய்யுளில் வந்ததில்லை.

இது 1917–18-இல் 'தமிழன்' இதழில் தொடராக வெளிவந்தது. 1926-இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தை இயற்றி, மனைவி மக்களுக்குச் சொத்துரிமை அளித்தது. ஒரு கவிதையால் சட்டம் வந்தது என்று சொல்வது மிகை. சமூகத்தினரின் நீண்ட முயற்சி அதன் பின்னால் இருந்தது. ஆனால் வழக்கம் என்று ஏற்கப்பட்டிருந்த ஒன்றை நகைப்புக்குரியதாக மாற்றியதில் மான்மியத்தின் பங்கு பெரிது. நூல் வடிவம் பெற்றது 1942-இல்தான்.

ஆய்வுகள்

முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில் காந்தளூர்ச் சாலையில் 'கலமறுத்த' செய்தி வருகிறது. கலம் என்பது கப்பலா, உண்கலமா? சாலை என்பது துறைமுகமா, அறச்சாலையா? வரலாற்று ஆய்வாளர்கள் நெடுங்காலம் விவாதித்த கேள்வி இது. சோழன் சேரரின் கடற்படையை அழித்தானா, ஓர் அறநிலையத்தின் நடைமுறையில் தலையிட்டானா என்பது இந்த ஒரு சொல்லின் பொருளைப் பொறுத்தது. தென் திருவிதாங்கூர்க் கல்வெட்டுகளில் தேர்ச்சி பெற்றிருந்த கவிமணி இதை ஆராய்ந்து 1939-இல் 'காந்தளூர்ச் சாலை' நூலை வெளியிட்டார்.

ஆங்கிலத்திலும் ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். ஏட்டுச் சுவடிகளைத் தேடிச் சேகரித்தார். எஸ். வையாபுரிப் பிள்ளையின் நெருங்கிய நண்பர். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதிப் பணிக்கு ஆலோசனைகள் வழங்கினார்.

மொழிபெயர்ப்புகள்

எட்வின் ஆர்னால்டின் புத்தர் காவியத்தைத் தழுவி 'ஆசிய ஜோதி'யை 1941-இல் வெளியிட்டார். பிம்பிசாரனின் வேள்விக்கு ஓட்டிச் செல்லப்படும் ஆடுகளுக்காகப் புத்தர் பேசும் இடமும், மயங்கிக் கிடக்கும் புத்தருக்குப் பால் கொடுக்கத் தயங்கும் இடைச் சிறுவனின் இடமும் மூலத்தில் உள்ளவையே. பின்னதில் தீண்டாமை பற்றிய பேச்சு, கோயில் நுழைவு பற்றித் திருவிதாங்கூர் விவாதித்து முடித்திருந்த அந்த ஆண்டுகளில் தமிழ் வாசகருக்கு வேறு கனத்தோடு ஒலித்திருக்கும். ஃபிட்ஜெரால்டின் ஆங்கில வடிவத்திலிருந்து 'உமர் கய்யாம் பாடல்கள்' 1945-இல் வந்தது.

இறுதிக் காலம்

1940-இல் சென்னையில் நடந்த விழாவில் 'கவிமணி' பட்டம் வழங்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது அறுபத்து நான்கு. அவருடைய பாடல்களை மேடைதோறும் பாடிக் காட்டித் தமிழகம் அறியச் செய்தவர்களில் முதன்மையானவர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார். அவர் 1954 பிப்ரவரியில் மறைந்தார். கவிமணி அதே ஆண்டு செப்டம்பர் 26 அன்று மறைந்தார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1956 நவம்பர் 1 அன்று நாஞ்சில் நாடு தமிழ்நாட்டுடன் இணைந்தது. மலையாளத்தில் எழுத்தறிந்த தேரூர்ச் சிறுவனின் ஊர்ப் பிள்ளைகளும் அதன்பின் தமிழ்நாட்டுப் பாடநூல்களிலேயே அவருடைய பாட்டைப் படித்தார்கள். இந்திய அஞ்சல் துறை 2005-இல் கவிமணிக்கு அஞ்சல் தலை வெளியிட்டது.