சிறுவர் நாடகக் குழுக்களில் பயிற்சியும் பணியும்

தொழில்முறைத் தமிழ் நாடக வரலாற்றில் பயிற்சியையும் பணியையும் பிரித்தறிதல் அரிது என்பதை நாம் காண்கிறோம். தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவை நிறுவினார். அவ்வாண்டில் அதில் சேர்ந்த தி.க. சண்முகத்திற்கு அகவை ஆறு. குழுவே சிறுவர்க்கு இல்லமும் பள்ளியுமாயிற்று. வாத்தியார் சொல்லச்சொல்லப் பாடலையும் வசனத்தையும் மனனம் செய்தனர். இரவில் கட்டணம் செலுத்திய அவையோர்முன் நடித்தனர். திருத்தமான உச்சரிப்பும் இசையறிவும் இவ்வாறே அவர்களுக்குக் கைவந்தன.

எனினும், சிறுவனின் முதல் அவன் குரலே. பருவ மாற்றத்தில் மகரக்கட்டு நேர்ந்தால் பாடும் வேடங்கள் கைநழுவின. கற்ற கலை எஞ்சியது. குழுவில் இடம் உறுதியன்று. டி.கே.எஸ். சகோதரர்கள் 1925இல் மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபாவைத் தமக்கெனத் தொடங்கியதன் சிறப்பை இப்பின்னணியில் உணரலாம்: பயின்றோரே குழுவுக்கு உரியோராயினர்.

இன்று ஜொகூர்த் தமிழ்ப்பள்ளிகளில் நாடகம் பயிற்றுவிக்க முனையும் ஆசிரியர், அக்குழுக்களின் மனனப் பயிற்சியையும் உச்சரிப்பொழுங்கையும் கொள்ளலாம். குரல் உள்ளவரை மட்டுமே மாணவனைப் போற்றும் வழக்கத்தைத் தள்ளுதல் வேண்டும் என நாம் கருதுகிறோம்.