சீனர் நகரில் நம்மவர் தடங்கள்

 

தென்காசி, கடையநல்லூர் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றிற்குச் சிங்கப்பூர் உறவு உண்டு. பெட்டி நிறையத் துணியும் தைலமும் வந்த ஊர் என்ற அளவிலேயே அதை அறிந்திருக்கிறோம். மக்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் சீனர். ஆங்கிலேயர் வகுத்த தெருக்கள். அவற்றின் நடுவே தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிகள். கீழ்த்திசையும் மேல்திசையும் கலந்த இந்நகரின் வரலாற்றில் நம்மவர் பங்கு சிறிதன்று.

1819-இல் ஆங்கிலேயர் அங்கே கால் பதித்ததை அடுத்து, சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற முஸ்லிம் வணிகர்கள் குடியேறினர். சூலியாக்கள் என்பது அவர்களுக்கு வழங்கிய பெயர். 1826-இல் அன்சார் சாஹிப் தலைமையில் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ பள்ளியை நிறுவினர். இப்போதுள்ள கட்டடம் 1830-களில் எழுந்தது. வாயிலின் இரு மினாராக்களும் தென்னாட்டுப் பாணி. உள்ளே தொழுகைக் கூடமோ ஐரோப்பியத் தூண்களுடையது. பள்ளி நிற்கும் இடம் சீனர் குடியிருப்பின் நடுப்பகுதி. அதே சாலையில் சில அடிகள் தள்ளி 1827-இல் தோன்றிய மாரியம்மன் கோயில்.

தெலுக் ஆயர் தெரு இதனினும் வியப்பானது. அன்று அது கடற்கரை. பின்னர்க் கடல் தூர்க்கப்பட்டது. நாகூர் ஷாகுல் ஹமீது நாயகம் அவர்கள் நினைவாக 1828 முதல் 1830 வரை அங்கே ஒரு தர்கா கட்டப்பட்டது. அருகே 1827-இல் ஓலைக் குடிசையாகத் தொடங்கிய அல் அப்ரார் பள்ளியைத் தமிழர் "குச்சுப் பள்ளி" என்றே அழைத்தனர். கல் கட்டடமாக மாறியது 1850-களில்தான். இவ்விரண்டிற்கும் இடையே சீனக் கடலோடிகளின் தியான் ஹோக் கெங் கோயில். அதன் இரும்புக் கம்பி வேலி ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலிருந்து வந்தது! கடல் கடந்து உயிரோடு கரை சேர்ந்தவர்கள், யாராயினும், முதலில் நன்றி செலுத்த விரும்பினர் போலும்.

நம் பகுதியினர் பெருமளவில் சென்றது இருபதாம் நூற்றாண்டில். கைத்தறி நலிந்து, நெசவாளர் வாழ்வு தள்ளாடிய காலம் அது. பிற ஊர்த் தமிழ் முஸ்லிம்கள் பெரும்பாலும் தனியாகச் சென்று பொருளீட்டித் திரும்ப, கடையநல்லூர், தென்காசி மக்களோ மனைவி மக்களையும் அழைத்துச் சென்றனர். துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகார் பகுதியில் குடியேறினர். ஆடவர் துறைமுகத்தில் மூட்டை சுமந்தனர். பெண்கள் அம்மியில் மசாலா அரைத்து விற்றனர். ஆங்கிலேயர் வீட்டுக் கறிக்கும், மலாய்க்காரர் சமையலுக்கும் ஊரை இணைத்தது அந்த அம்மிதான் என்று சொன்னால் மிகையாகாது. ஆயினும் பள்ளிவாசல் கல்வெட்டுகளில் வணிகர் பெயர்கள் உண்டு. மசாலா அரைத்த பெண்களின் பெயர்கள் எங்கும் இல்லை. இது நம்மை வருத்துகிறது.

1941-இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தோன்றியது. அடுத்த ஆண்டே ஜப்பானியர் ஆக்கிரமிப்பு. மூன்றரை ஆண்டு இன்னல் தீர்ந்ததும் அச்சங்கத்தார் முதலில் தேடியது கல்வியை: 1946-இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி தொடங்கப்பட்டது. சுமை தூக்கியோர் தம் பிள்ளைகளுக்கென நிறுவிய பள்ளிக்குச் சீறாப்புராணம் பாடியவர் பெயரைச் சூட்டினர் என்பது கவனிக்கத் தக்கது. ஆங்கிலக் கல்வியின் அலையில் 1982-இல் அது மூடப்பட்டது. எனினும் அப்பெயர் அங்குள்ள தமிழ்மொழி நிலையத்தில் நிலைத்திருக்கிறது.

ஜாமிஆ பள்ளியும், குச்சுப் பள்ளியும், தர்காவும் 1974-இல் தேசிய நினைவுச்சின்னங்களாயின. தர்கா 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக விளங்குகிறது. தஞ்சோங் பகாரின் பழைய குடியிருப்புகள் மறைந்து வானளாவிய கட்டடங்கள் எழுந்துவிட்டன.

1926 முதல் 1973 வரை ஓடிய "ரஜூலா" கப்பலில் பயணித்த முதியோர் சிலர் இன்னமும் நம் மஹல்லாக்களில் உள்ளனர். அவர்களிடம் கப்பல் சீட்டுகள், கடிதங்கள், பழைய புகைப்படங்கள் இருப்பின், நகலெடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தர ஜமாஅத் அலுவலகத்தில் ஏற்பாடு செய்யலாம். பாட்டிமார்களின் பெயர்களை முதலில் எழுதிக்கொள்வோம்.