எட்டு வீட்டுப் பிள்ளைமாரும் அவர்தம் நிலங்களும்

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ் மக்களுக்குக் கழக்கூட்டம், செம்பழந்தி, பள்ளிச்சல், குளத்தூர், வெங்ஙானூர் என்னும் ஊர்ப்பெயர்கள் புதியன அல்ல. இவற்றோடு குடமண், மார்த்தாண்ட மடம், இராமனாமடம் என்னும் மூன்றையும் சேர்த்தால், வேணாட்டு மன்னரையே கலங்கச் செய்த எட்டுப் பிரபு குடும்பங்களின் பெயர்கள் கிடைத்துவிடும். எட்டு வீட்டுப் பிள்ளைமார் என்று சரித்திரம் அவர்களைக் குறிக்கிறது.

அவர்களுடைய செல்வாக்கிற்கு வேர் நிலமே. ஸ்ரீ பத்மநாபசுவாமி கோயிலின் நிர்வாகம் பண்டு எட்டரை யோகம் என்னும் சபையிடம் இருந்தது. அச்சபையில் மன்னருக்கு அரை வாக்கே உண்டு என்பர். கோயிலுக்குரிய நிலங்களை எட்டுப் பகுதிகளாக்கி, பகுதிக்கு ஒரு பிள்ளை வீதம் வரி திரட்டும் பொறுப்பு அளிக்கப்பட்டது என்பது வழிவழிச் செய்தி. திரட்டியவர்களே நாளடைவில் உடையவர்கள் போலாயினர். இடைக்கால ஜெர்மனியிலும், மடாலய நிலங்களைக் காக்க அமர்த்தப்பெற்ற பிரபுக்கள் பலர் காலப்போக்கில் அந்நிலங்களின் பயனைத் தமதாக்கிக்கொண்டனர். காவலும் கணக்கும் ஒருவர் கையில் நெடுங்காலம் தங்கினால் உரிமையும் அங்கேயே போய்ச் சேரும் போலும்!

பிள்ளைமாரை அடக்க மன்னர் தமிழகத்தின் துணையை நாட நேர்ந்தது. 1726ஆம் ஆண்டில் ராம வர்மர், ஆண்டுதோறும் பணம் செலுத்த இசைந்து, திருச்சிராப்பள்ளியிலிருந்து ஆண்ட நாயக்க அரசிடம் படையுதவி பெற்றார். 1729இல் அரியணை ஏறிய மார்த்தாண்ட வர்மர் பிள்ளைமாரின் ஆற்றலை அடியோடு அழித்தார். தலைவர்கள் கொல்லப்பட்டனர், நிலங்கள் பறிமுதல் ஆயின, வீடுகள் இடிக்கப்பட்டு அவ்விடங்களில் குளம் தோண்டப்பட்டது என்றும் கூறுவர். இக்கதை பெரிதும் வென்றவர் தரப்பிலிருந்தே நமக்கு வந்தது. 1891இல் வெளியான சி. வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா' என்னும் நாவல் அதனை மக்கள் மனத்தில் ஆழப் பதித்தது. அதில் எத்துணை வரலாறு, எத்துணைக் கற்பனை என ஆராய்ச்சியாளர் இன்றும் வாதிடுகின்றனர்.

பின்னர் நிலம் என்னவாயிற்று? மல்லன் சங்கரன் என்னும் அதிகாரி நாட்டின் நிலங்களைத் தேவஸ்வம், பிரம்மஸ்வம், தானம், பண்டாரவகை என நான்காக வகுத்துக் கணக்கெடுத்தார். கொல்லம் 925ஆம் ஆண்டு மகர மாதம் 5ஆம் நாள், அதாவது 1750 ஜனவரியில், மன்னர் தம் நாடு முழுவதையும் பத்மநாபருக்கே அர்ப்பணித்து, தாம் அவருடைய தாசனாக நின்று ஆளலானார். திருப்படித்தானம் எனப்படும் இச்செயல் பக்தியின் வெளிப்பாடு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் அரசியல் பயனையும் நாம் உணர வேண்டும். இறைவனின் பெயரால் பிரபுக்கள் செலுத்திய அதிகாரம், இறைவனின் பெயராலேயே அரசிடம் வந்து சேர்ந்தது. இனி மன்னரை எதிர்ப்பவன் தெய்வத்தையே எதிர்ப்பவன் ஆனான்.

உழுத குடியானவனுக்கோ, வரி கேட்டு வாசலில் நின்ற ஆள்தான் மாறினான். பண்டாரவகை நிலத்தைப் பயிரிட்டவர்க்கு அதன்மேல் முழு உரிமை 1865ஆம் ஆண்டு அறிவிப்பால்தான் கிட்டியது. தனியார் ஜன்மிகளின் கீழிருந்த குத்தகைதாரர்கள் 1970 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

செம்பழந்தியை இன்று எவரும் பிள்ளையின் ஊராக எண்ணுவதில்லை. 1856இல் அங்கே அவதரித்த ஸ்ரீ நாராயண குருவின் ஊர் என்றே போற்றுகின்றனர். நிலத்தை ஆண்டவர்களின் பெயர் மங்கிவிட்டது. அந்நிலத்து எளிய மக்களை உயர்த்தியவரின் பெயரே நிலைத்து நிற்கிறது.